மனை விற்ற காசு தீர்ந்த பிறகு: சீனப் பொருளாதாரம் பற்றி வாசகர் கேள்விகள்

2008-இல் உலகமே சரிந்தபோது சீனா மட்டும் 9 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. அடுத்த மந்தம் வந்தாலும் அதேபோல் சமாளித்துவிடாதா?
*சேலம் வாசகர்*

சமாளிக்கும். ஆனால் அதேபோல் அல்ல. அன்று என்ன செய்தார்கள் என்று பார்த்தால்தான் காரணம் புரியும்.

அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்தது 2008 செப்டம்பர் 15. நவம்பர் 9-ஆம் தேதியே சீன அமைச்சரவை 4 லட்சம் கோடி யுவான் திட்டத்தை அறிவித்துவிட்டது. அன்றைய மதிப்பில் அது 58,600 கோடி டாலர். எட்டே வாரத்தில்! அதில் 1.5 லட்சம் கோடி ரயில், சாலை, விமான நிலையம், மின்கட்டமைப்புக்கு. 1 லட்சம் கோடி, அந்த ஆண்டு மே மாத நிலநடுக்கத்தில் நொறுங்கிய சிச்சுவான் மாகாணத்தைத் திரும்பக் கட்ட. ஆனால் மத்திய அரசு தன் கையிலிருந்து போட்டது 1.18 லட்சம் கோடிதான். மீதியைத் திரட்டும் வேலையை மாகாணங்கள், நகராட்சிகள் தலையில் கட்டியது. வங்கிகளுக்குத் தாராளமாகக் கொடுக்கச் சொல்லி உத்தரவு. 2008-இல் 4.9 லட்சம் கோடி யுவானாக இருந்த புதுக் கடன் 2009-இல் 9.6 லட்சம் கோடி ஆனது. வங்கிகள் பெரும்பாலும் அரசுடையவை என்பதால் மறுபேச்சு கிடையாது.

அப்போதைய பட்ஜெட் சட்டப்படி நகராட்சி நேரடியாகக் கடன் வாங்க முடியாது. அதனால் ஒரு கம்பெனியைத் தொடங்கியது. ஊருக்கு வெளியே விவசாய நிலத்தைக் கையகப்படுத்தி, மனையாக்கி, அதையே கம்பெனியின் மூலதனமாக எழுதிவைத்தது. கம்பெனி அந்த மனையை வங்கியில் அடமானம் வைத்துச் சாலை, பாலம், மெட்ரோ என்று போட்டது. சாலை வந்ததும் பக்கத்து மனை விலை ஏறியது. ஏறிய விலைக்கு ஏலம் விட்டுப் பழைய கடனைக் கட்டி, புதுக் கடன் வாங்கியது. மனை விலை ஏறிக்கொண்டே இருக்கும்வரை இந்தக் கணக்கில் ஓட்டை தெரியாது.

இப்போது தெரிகிறது. உள்ளூர் அரசுகளுக்கு நில விற்பனையில் வந்தது 2021-இல் 8.7 லட்சம் கோடி யுவான்; 2024-இல் 4.9 லட்சம் கோடிக்குக் கீழே. கணக்கில் காட்டாத கடன் மட்டும் 2023 முடிவில் 14.3 லட்சம் கோடி என்று நிதியமைச்சகமே சொன்னது. 2024 நவம்பரில் அறிவித்த 10 லட்சம் கோடி யுவான் ஏற்பாட்டைப் பல பத்திரிகைகள் ‘ஊக்கத் திட்டம்’ என்று எழுதின. அது ஊக்கமே அல்ல. கந்துவட்டிக் கடனை அடைக்க வங்கியில் நகைக்கடன் வாங்குவோமே, அந்த மாதிரி. வட்டி குறையும், கடன் குறையாது, புதிதாக ஒரு செங்கல்கூட விழாது.

கட்டுவதற்கு மிச்சம் இருப்பதும் குறைவு. அதிவேக ரயில் பாதை 2008-இல் தொடக்க நிலையில் இருந்தது. 2024 முடிவில் 48,000 கி.மீ. முதல் பாதை ஒரு ஊருக்குக் கொடுத்த பலனை நான்காவது பாதை கொடுக்காது.

மீதமிருக்கும் பலம் மத்திய அரசின் கடன் வாங்கும் திறன். அதன் சொந்தக் கடன் ஒப்பீட்டளவில் குறைவு, அதுவும் பெரும்பாலும் உள்நாட்டில் யுவானில் வாங்கியது. பட்ஜெட் பற்றாக்குறையைப் பெரும்பாலான ஆண்டுகளில் 3 சதவீதத்தை ஒட்டியே வைத்துவந்தவர்கள் 2025-இல் 4 சதவீதமாக உயர்த்தினார்கள். மந்தம் முற்றினால் இன்னும் உயர்த்துவார்கள். ஆகவே கிரீஸ், இலங்கை பாணியில் விழுமா என்றால் விழாது. 9 சதவீதம் திரும்புமா என்றால் திரும்பாது.

அமெரிக்கா 145 சதவீதம் வரி போட்டும் சீனாவின் ஏற்றுமதி கூடியிருக்கிறதே. பிறகு உலக மந்தம் என்ன செய்துவிடும்?
*கோவை வாசகர்*

இரண்டும் வேறு வேறு நோய். 2025 ஏப்ரலில் ஏறிய அந்த 145 சதவீதம் ஒரு மாதம்தான் நின்றது. மே 12 ஜெனீவா உடன்பாட்டில் 30-ஆகக் குறைந்தது. இருந்தும் அந்த ஆண்டு அமெரிக்காவுக்குப் போகும் சரக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு விழுந்தது. ஆனால் அந்தச் சரக்கு வியட்நாம், தாய்லாந்து, ஆப்பிரிக்கா, ஐரோப்பா என்று திரும்பியது. 2024-இல் 99,200 கோடி டாலராக இருந்த வர்த்தக உபரி, 2025-இன் முதல் 11 மாதங்களிலேயே 1 லட்சம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

ஒரு கடை மூடினால் அடுத்த கடைக்குச் சரக்கைக் கொண்டுபோகலாம். தெருவே மூடினால்? 2009-இல் நடந்தது அதுதான். எல்லா நாட்டிலும் ஒரே நேரத்தில் கொள்முதல் நின்றது. சீன ஏற்றுமதி அந்த ஆண்டு 16 சதவீதம் சரிந்தது. குவாங்டாங் மாகாணத்துப் பொம்மை, செருப்பு, மரச்சாமான் தொழிற்சாலைகள் ஆள் குறைத்தன; நாடு முழுவதும் வேலை இழந்து ஊர் திரும்பிய கிராமத்துத் தொழிலாளர் சுமார் 2 கோடி என்று 2009 பிப்ரவரியில் அரசே கணக்குச் சொன்னது. அந்தக் கைகளை அன்று கட்டுமானம் எடுத்துக்கொண்டது. இன்று கட்டுமானமே ஆள் குறைத்துக்கொண்டிருக்கிறது. உபரி பெரிதாகப் பெரிதாக, உலகம் வாங்குவதை நிறுத்தும் நாளில் விழும் பள்ளமும் பெரிதாகும்.

தன்னிடம் உள்ள அமெரிக்கக் கடன் பத்திரங்களைச் சீனா மொத்தமாக விற்று அமெரிக்காவைப் படுக்கவைத்துவிடும் என்கிறார்களே?
*விருதுநகர் வாசகர்*

விற்ற டாலரை எங்கே வைப்பது? யுவானாக மாற்றினால் யுவான் மதிப்பு ஏறி ஏற்றுமதி அடிபடும். ஒரேயடியாகக் கொட்டினால் பத்திர விலை விழுந்து, கையில் மிச்சம் இருப்பதும் நஷ்டம். எனவே சத்தமில்லாமல் குறைக்கிறார்கள். 2013-இல் 1.3 லட்சம் கோடி டாலர், இப்போது 80,000 கோடிக்கும் கீழே. பக்கத்தில் தங்கமும் சேர்கிறது.

அங்கே கட்டி முடிக்காத வீட்டுக்கு மக்கள் தவணை கட்டினார்களாமே. எப்படி அது நடந்தது? இன்னும் சரியாகவில்லையா?
*சென்னை வாசகர்*

அப்போது சீனாவில் புது வீடுகளில் மிகப் பெரும்பான்மை கட்டி முடிக்கும் முன்பே விற்பனையாகிவிடும். நம் ஊரில் கட்டுமானத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் வங்கி கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் விடுவிப்பது வழக்கம். அங்கே வாங்குபவர் 30 சதவீதம்போல முன்பணம் வைத்ததும், மீதி முழுவதையும் வங்கி ஒரே தடவையில் கொடுத்துவிடும். அடுத்த மாதமே தவணை தொடங்கும், வீடு வர இரண்டு மூன்று வருடம் ஆகும்.

அந்தப் பணம் கண்காணிப்புக் கணக்கில் இருக்க வேண்டும், வேலை முடிய முடிய எடுக்க வேண்டும் என்பது விதி. கண்காணிக்க வேண்டியது யார்? அதே நகராட்சி. அடுத்த மனை ஏலத்துக்கு ஆள் வேண்டுமே என்ற கவலை நகராட்சிக்கு. அதனால் பணம் முன்கூட்டியே வெளியே போனது. பில்டர் அதைக் கொண்டு அடுத்த ஊரில் மனை வாங்கினார். முதல் ஊர் வீட்டை மூன்றாவது ஊரில் வசூலான முன்பணம் கட்டியது. ஏலச்சீட்டு நடத்தி ஓடிப்போன கதைகள் தெரிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

2020 ஆகஸ்டில் அரசு பில்டர்களின் கடனுக்கு மூன்று சிவப்புக் கோடுகள் போட்டது. வாங்குவோர் தந்த முன்பணம் நீங்கலாகக் கடன் சொத்தில் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நிகரக் கடன் பங்கு மூலதனத்தைத் தாண்டக் கூடாது. குறுகியகாலக் கடனை அடைக்கும் அளவு ரொக்கம் கையில் இருக்க வேண்டும். நோக்கம் சரி, வேகம் தப்பு. ஓடும் சக்கரத்தை நிறுத்தியதும் எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் கட்டடங்கள் பாதியில் நின்றன. 30,000 கோடி டாலருக்கு மேல் கடன் பொறுப்பு வைத்திருந்த பெரிய பில்டர் எவர்கிராண்ட் 2021 டிசம்பரில் கடன் தவறியது. 2024 ஜனவரி 29-இல் ஹாங்காங் நீதிமன்றம் அதைக் கலைக்க உத்தரவிட்டது. 2023-இல் இன்னொரு பெரிய பில்டரான கன்ட்ரி கார்டனும் தவறியது. நடுவில் 2022 ஜூலையில், பல நகரங்களில் வீடு வாங்கியவர்கள் ‘வீடு வராவிட்டால் தவணை வராது’ என்று கூட்டாக அறிவித்தார்கள்.

பிறகு வந்த மருந்துகளில் உருப்படியானது 2024 ஜனவரியின் வெள்ளைப் பட்டியல். கம்பெனிக்குக் கடன் தராமல், முடிக்கத் தகுந்த கட்டடத்துக்கு மட்டும் கடன். விற்காத வீடுகளை உள்ளூர் அரசு நிறுவனங்கள் வாங்க மத்திய வங்கி ஒதுக்கிய 30,000 கோடி யுவான் மட்டும் மெதுவாகத்தான் நகர்ந்தது. வாடகை வருமானம் வட்டிக்கே போதாத வீட்டை எந்த நகராட்சி ஆசையாக வாங்கும்?

நகர்ப்புறக் குடும்பச் சொத்தில் பாதிக்கு மேல் வீடுதான். அதன் விலை இறங்கினால், சம்பளம் குறையாதவரும் செலவைக் குறைப்பார். அதனால்தான் இது பில்டர்களின் தலைவலியோடு நிற்கவில்லை.

140 கோடிப் பேர் இருக்கும் நாடு. உள்நாட்டிலேயே விற்றுக்கொண்டால் போயிற்றே!
*மதுரை வாசகி*

பெய்ஜிங்கும் பல வருடமாக இதைத்தான் சொல்கிறது. ஆனால் குடும்பங்களின் நுகர்வு ஜி.டி.பி.யில் 40 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது, இந்தியாவில் 60. பணம் இல்லாமல் அல்ல. குடும்பங்களின் வங்கிச் சேமிப்பு 150 லட்சம் கோடி யுவானைத் தாண்டிவிட்டது. எடுக்கத்தான் பயம்.

கிராமத்து முதியவருக்கு அரசு உறுதியளிக்கும் அடிப்படை ஓய்வூதியம், 2025-இல் 20 யுவான் உயர்த்திய பிறகும் மாதம் 143 யுவான். நம் பணத்தில் சுமார் 1,700 ரூபாய். மாகாணங்கள் மேலே கொஞ்சம் சேர்க்கும், அவ்வளவுதான். அந்த முதியவரின் மகன் டோங்குவானில் தொழிற்சாலை வேலையில் இருப்பான். இப்படிப்பட்ட கிராமத்துப் புலம்பெயர் தொழிலாளர் சுமார் 30 கோடி. அவர்களின் குடியிருப்புப் பதிவு, ‘ஹுகோ’, சொந்தக் கிராமத்தில் இருக்கிறது. நகரத்துப் பள்ளி, மருத்துவச் சலுகை, ஓய்வூதியம் முழுசாகக் கிடைக்காது. அப்பா அம்மா மருத்துவம், பிள்ளை படிப்பு, தன் முதுமை எல்லாவற்றுக்கும் தானே சேர்த்தாக வேண்டும். இவன் எப்படித் தாராளமாகச் செலவழிப்பான்?

அரசு கொடுத்தது பழையதைப் போட்டுப் புதியது வாங்கும் மானியம். 2024, 2025-இல் பிரிட்ஜ், வாஷிங் மெஷின் விலையில் 15 சதவீதம், மின்சாரம் மிகக் குறைவாக இழுக்கும் ரகத்துக்கு 20, அதிகபட்சம் ஒன்றுக்கு 2,000 யுவான். 2024-இல் இதற்கு 15,000 கோடி யுவான், 2025-இல் 30,000 கோடி. விற்பனை துள்ளியது உண்மை. ஆனால் அடுத்த வருடம் வாங்க இருந்தவர் இந்த வருடமே வாங்கிவிட்டார். ஒரு வீட்டில் இரண்டு வாஷிங் மெஷின் வைக்க மாட்டார்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஆண்டுக்கு 3,600 யுவான் ரொக்கம் என்று 2025-இல் தொடங்கிய திட்டம்தான் எங்கள் பார்வையில் சரியான திசை. தொகை சிறியது, ஆனால் கையில் காசாகப் போகிறது. கிராம ஓய்வூதியத்தில் என்றைக்கு 20 யுவானுக்குப் பதில் 200 யுவான் ஏறுகிறதோ, அன்றைக்குச் சீனா மாறுகிறது என்று நம்பலாம்.

சீனப் புள்ளிவிவரங்களை நம்பலாமா? எதைப் பார்ப்பது?
*திருச்சி, பொருளியல் மாணவர்*

முழுக்க நம்பவும் வேண்டாம், முழுக்கத் தள்ளவும் வேண்டாம். லியாவ்னிங் மாகாணம் 2011 முதல் 2014 வரை கணக்கை ஊதிப் பெருக்கியதாக 2017-இல் தானே ஒப்புக்கொண்டது. அதே மாகாணத்தில் கட்சிச் செயலராக இருந்த, பின்னாளில் பிரதமரான லீ கெச்சியாங், ஜி.டி.பி.யை விட்டுவிட்டு மின் நுகர்வு, ரயில் சரக்கு, வங்கிக் கடன் மூன்றையும் பார்ப்பதாக அமெரிக்கத் தூதரிடம் சொன்னது பிரசித்தம். இன்று அந்த மூன்றும் அப்படியே பொருந்தாது. சேவைத் துறை பெருத்துவிட்டது, கோடை வெயிலில் ஏசி ஓடினாலே மின் நுகர்வு ஏறும்.

முதலில், விலை மாற்றத்தைக் கழித்த உண்மை வளர்ச்சிக்குப் பக்கத்தில், கழிக்காத பெயரளவு வளர்ச்சியை வைத்துப் பாருங்கள். 2024-இல் உண்மை வளர்ச்சி 5.0 சதவீதம், பெயரளவு வளர்ச்சி 4.2. சாதாரணமாக விலைவாசி ஏறுவதால் பெயரளவுதான் பெரிதாக இருக்கும். இங்கே தலைகீழ் என்றால், மொத்தத்தில் விலை இறங்குகிறது என்று பொருள். அதுதான் பணவாட்டம். தொழிற்சாலை வாசல் விலை 2022 அக்டோபரிலிருந்து முந்தைய ஆண்டைவிடக் குறைந்தே வந்தது. கடன் தவணை உண்மை யுவானில் கட்டுவதில்லை, பெயரளவு யுவானில்தான். கம்பெனி 5 சதவீதம் கூடுதலாகச் சரக்கு விற்றாலும் விலை 5 சதவீதம் இறங்கினால் கல்லாவில் சேர்வது பழைய காசேதான்.

மாதக் கடைசி நாளில், கம்பெனிகளின் கொள்முதல் மேலாளர்களிடம் கேட்டுத் தயாரிக்கும் கொள்முதல் மேலாளர் குறியீடு வரும். 50-க்கு மேல் என்றால் விரிவு, கீழே என்றால் சுருக்கம். உள்ளே ‘புதிய ஏற்றுமதி ஆர்டர்’ என்று தனி வரி இருக்கும். உலக மந்தம் முதலில் எட்டிப் பார்க்கும் ஜன்னல் அது. ஜனவரி, பிப்ரவரி எண்களைத் தனித்தனியே ஒப்பிடாதீர்கள். சீனப் புத்தாண்டு விடுமுறை ஒரு வருடம் இந்த மாதம், மறுவருடம் அந்த மாதம். இரண்டையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். ஏற்றுமதி எண்ணில் சந்தேகம் வந்தால் எதிர்த்தரப்பு நாட்டின் இறக்குமதிக் கணக்கோடு ஒத்துப்பாருங்கள்.

2023 ஜூனில் இளைஞர் வேலையின்மை 21.3 சதவீதத்தைத் தொட்டது. அதன் பிறகு வெளியிடுவதையே சில மாதம் நிறுத்திவிட்டார்கள். பிறகு மாணவர்களை நீக்கிக் கணக்கிட்டு 14.9 என்று திரும்ப வந்தது. ஒரு எண் திடீரென்று காணாமல் போனால் அதுவும் ஒரு தகவல்தான்.

சீனா மந்தத்தில் இருந்தால் இலங்கைக்கு இனிக் கடன் கிடைக்காதா?
*வவுனியா வாசகர்*

பழைய மாதிரி, அரசு வங்கி கடன் தர, சீன நிறுவனம் வந்து கட்டும் முறை பல ஆண்டுகளாகவே தேய்ந்து வருகிறது. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017-இல் 112 கோடி டாலருக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்த காலம் வேறு. 2023 ஒக்டோபரில் சீன எக்ஸிம் வங்கியோடு 420 கோடி டாலர் கடனுக்கு உடன்பாடு வந்ததே, அதில் அவர்கள் வழியைக் கவனியுங்கள்: அசலைத் தள்ளுபடி செய்வதைவிடத் தவணையை நீட்டுவதையே விரும்புவார்கள். உள்நாட்டில் நகராட்சிகளுக்கே தள்ளுபடி இல்லாதபோது வெளிநாட்டுக்குக் கொடுப்பது அரசியல்ரீதியாகச் சிரமம். இனி வருவது முதலீடாக வரும். 2025 ஜனவரியில் சீன அரசு எண்ணெய் நிறுவனம் சினோபெக் கையெழுத்திட்ட 370 கோடி டாலர் அம்பாந்தோட்டைச் சுத்திகரிப்பு ஆலை அந்த ரகம்.

அவர்களுக்கு மந்தம் என்றால் சரக்கு குறையத்தானே வேண்டும்? எங்கள் தீப்பெட்டித் தொழிலைச் சீன லைட்டர் ஏன் இன்னும் விரட்டுகிறது?
*கோவில்பட்டி வாசகர்*

மந்தம் வரும்போதுதான் சரக்கு அதிகமாக வெளியே வரும். இயந்திரம் வாங்கியாயிற்று, கடன் ஓடுகிறது. மூலப்பொருள், கூலி, மின்சாரம் மூன்றுக்கும் மேல் ஒரு காசு கிடைத்தாலும் ஆலையை ஓட்டுவது மூடுவதைவிட லாபம். மூடினால் வேலை போகும் என்று உள்ளூர் அரசும் தாங்கிப் பிடிக்கும். ஹூனான் மாகாணத்தின் ஷாவ்டோங் ஊரில் லைட்டரின் ஒவ்வொரு பாகத்துக்கும் பக்கத்திலேயே ஆலை. வாயு வால்வு, கல், சக்கரம் எல்லாம் கைக்கெட்டும் தூரம். அந்த விலைக்கு வேறு யாரும் செய்ய முடியாது.

உங்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு, 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்கு 2023 ஜூனில் வந்த தடை; 2024 அக்டோபரில் உதிரிபாகங்களுக்கும் தடை வந்தது. உதிரியாகக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்றதால்தான் அந்த இரண்டாவது ஆணை தேவைப்பட்டது.

மற்ற சிறுதொழில்களுக்கு ஒரு குறிப்பு. நியாய விலைக்கும் கீழே வந்து குவியும் இறக்குமதிக்கான பொருள்குவிப்புத் தடுப்பு வரி கேட்டு மத்திய வர்த்தக அமைச்சகத்தின் டி.ஜி.டி.ஆர். அமைப்பிடம் போவதானால், மனுவை ஆதரிப்பவர்களின் உற்பத்தி உள்நாட்டு மொத்த உற்பத்தியில் 25 சதவீதமாவது இருக்க வேண்டும். எதிர்ப்பவர்களின் உற்பத்தியைவிடவும் கூடுதலாக இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கான சின்னப் பட்டறைகள் தனித்தனியே கணக்கு வைத்திருக்கும் தொழில் இங்கேதான் வழுக்கும். சங்கம் வழியாக மூன்று வருட உற்பத்தி, விற்பனை விலை, நஷ்டக் கணக்கை ஒரே வடிவத்தில் முதலில் சேர்த்துவையுங்கள். வக்கீல் பிறகு.

அலுமினியம் புரொஃபைல், எல்இடி பட்டை இறக்குமதி செய்கிறேன். விலை இறங்குகிறது என்பதால் இப்போது பெரிய ஆர்டர் போடலாமா?
*ஈரோடு வாசகர்*

இரண்டையும் பிரித்துப் பாருங்கள். சீனாவில் ஏற்றுமதியாளருக்கு 13 சதவீதம்வரை மதிப்புக்கூட்டு வரி திரும்பக் கிடைக்கும். அந்தத் தொகையில்தான் பலர் விலையைக் குறைக்கிறார்கள். அலுமினியம், தாமிரப் பொருள்களுக்கு இந்தச் சலுகையை 2024 டிசம்பர் 1 முதல் எடுத்துவிட்டார்கள். எனவே புரொஃபைல் இன்னும் மலியும் என்று காத்திருப்பதில் அர்த்தம் குறைவு. பட்டையில் விலைப்போர் இருக்கிறது, ஆபத்தும் அங்கேதான்.

லாபமில்லாமல் ஓடும் ஆலை முதலில் குறைப்பது கண்ணுக்குத் தெரியாததை. பட்டையில் செப்புத் தகட்டின் கனம் குறையும். பார்க்க ஒன்றுபோலவே எரியும். ஐந்து மீட்டர் ஓடவிட்டால் கடைசி மீட்டர் மங்கும், சூடேறும். ஆர்டரில் ‘நல்ல தரம்’ என்று எழுதாமல் செப்புத் தகட்டின் கனம் எத்தனை அவுன்ஸ், மீட்டருக்கு எத்தனை வாட், எத்தனை எல்இடி என்று எழுதுங்கள். சாம்பிளில் ஒன்றை முத்திரையிட்டு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் 30 சதவீதம் முன்பணம், 70 சதவீதம் கப்பல் ரசீது நகல் பார்த்த பின் என்பது வழக்கம். 70-ஐ அனுப்பும் முன், சரக்கைப் பெட்டியில் ஏற்றுவதற்கு முன்பே மூன்றாம் நபர் சோதனை நடத்துங்கள். ஏற்றிய பிறகு சோதித்துப் பயனில்லை. பழைய சப்ளையர் திடீரென்று 50 சதவீதம் முன்பணம் கேட்டாலோ, பழகிய விற்பனையாள் மாறினாலோ, வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தாலோ நிறுத்துங்கள். மின்னஞ்சலுக்குப் பதில் போடாமல், பழைய எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள். கணக்கின் பெயரும், உரிமத்தில் உள்ள 18 இலக்கப் பதிவு எண்ணுக்குரிய கம்பெனிப் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். தனிநபர் கணக்குக்கு ஒரு யுவான்கூட வேண்டாம்.

பெரிய ஆர்டரை இரண்டு ஆலைகளுக்குப் பிரியுங்கள். ஜனவரி மூன்றாம் வாரத்துக்கும் பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்கும் நடுவே வரும் சீனப் புத்தாண்டுக்கு முன் சரக்கு கிளம்பும்படி தேதி வையுங்கள். ஊருக்குப் போன தொழிலாளர் எல்லோரும் திரும்புவதில்லை. சில ஆலைகள் அந்த விடுமுறைக்குப் பிறகு திறப்பதே இல்லை, உங்கள் முன்பணமும் உள்ளேயே இருக்கும்.